மூடி கூவிய சீரங்காயி

ராஜா இல்லாமல் கதையைத் தொடங்கினால் நீங்கள் காது கொடுக்கமாட்டீர்கள். அதனால் ஒரு ராஜாவை வைத்துக்கொள்வோம். வெகுகாலத்துக்கு முன்னால் நெடுங்கரை என்ற நாட்டை அவர் ஆண்டுவந்தார். நல்ல ராஜாதான். ஆனால் இந்தக் கதைக்குள் அவருக்கு வேலை கிடையாது, அரண்மனையிலேயே சுகமாக இருக்கட்டும். நமக்கு வேண்டியது அவருடைய நாட்டில், ஆற்றங்கரையில், வாரம் ஒருமுறை கூடிய சந்தை.

நெடுங்கரைச் சந்தையைப் போல ஒரு சந்தையை நீங்கள் பார்த்திருக்கமுடியாது. உப்பு ஒரு தெரு, புளி ஒரு தெரு, பானை ஒரு தெரு. ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் நடுவே ஒரு கோழி புகுந்து போக வழி இராது. அப்படி நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அத்தனை பேருக்கும் இடம் கொடுத்த அந்தச் சந்தையில் ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் இடம் கிடையாது. அதுதான் 'இல்லை' என்ற சொல்.

வியாபாரம் செய்கிற வாயால் 'இல்லை' என்று சொன்னால், கடையில் குடியிருக்கும் லட்சுமி அதைக் கேட்டு எழுந்து போய்விடுவாள் என்று அவர்கள் நம்பினார்கள். அதனால் உப்பு தீர்ந்துபோன கடைக்குப் போய் நீங்கள் உப்புக் கேட்டால், கடைக்காரர் முகம் மலர, "நிறைஞ்சிருக்கு, தாயி" என்பார். தீர்ந்துவிட்டது, வேறு கடை பாருங்கள் என்று அதற்குப் பொருள். உப்பு இருந்தால் அவர் பேசவே மாட்டார். படியை எடுத்து அளக்க ஆரம்பித்துவிடுவார்.

அந்தச் சந்தையில் இன்னொரு வழக்கமும் இருந்தது. நடுவில் ஒரு கல் கிடந்தது. அதற்குக் கூவுகல் என்று பெயர். புதிதாகக் கடை போட வருகிறவர் அதன்மேல் ஏறி நின்று, தன் சரக்கின் பெயரை மூன்று முறை கூவவேண்டும். அந்தச் சரக்கு தன்னிடம் ஏராளமாக இருப்பதாக யாராவது ஒரு வியாபாரி மூன்று முறையும் பதில் கூவிவிட்டால், வந்தவர் இறங்கி நடையைக் கட்டவேண்டியதுதான். அந்தப் பதிலும் என்ன தெரியுமா? அதே "நிறைஞ்சிருக்கு"தான்.

ஒரே சொல்லுக்கு இப்படி நேர் எதிராக இரண்டு பொருள் இருந்தது அங்கே யாருக்கும் இடைஞ்சலாகத் தோன்றவில்லை. தேன் கொண்டுவந்தவர் போனார். கோரைப்பாய் கொண்டுவந்தவர் போனார். கிளிக்கூண்டு கொண்டுவந்தவர்கூடப் போனார். சந்தையில் அன்றைக்கு ஒரு கிளிக்கூண்டும் இருந்திருக்காது. அதனால் என்ன, யாரோ ஒருவர் பழக்கதோஷத்தில் "நிறைஞ்சிருக்கு" என்று கூவிவிட்டார்.

இலவசமாக இடம் பிடிக்க அந்த ஒரு வழிதான் உண்டு. இன்னொரு வழி, ஏற்கெனவே கடை வைத்திருப்பவர் விட்டுப் போகும்போது விலை கொடுத்து வாங்கிக்கொள்வது.

அந்தச் சந்தைக்கு அரைநாள் வண்டிப் பயணத் தொலைவில் ஒரு சிற்றூர் இருந்தது. அங்கே மருதப்பன் என்று ஒரு குயவன், அவன் மனைவி சீரங்காயி. வீட்டில் ஒரு சக்கரம், கொல்லையில் ஒரு சூளை, வாசலில் ஒரு ஜோடி மாடும் வண்டியும். மருதப்பன் பானை வனைவான். சீரங்காயி மண் மிதிப்பாள், காயவைப்பாள், வைக்கோல் வைத்து வண்டியில் அடுக்குவாள். இருவரும் ஊர் ஊராகப் போய் விற்பார்கள். பசியில்லை, மிச்சமும் இல்லை.

மருதப்பனுக்கு வெகுநாளாக ஓர் ஆசை. நெடுங்கரைச் சந்தையில் பானைத் தெருவில் கடை போட்டு உட்காரவேண்டும். வெயிலில் அலையாமல், நிழலில் உட்கார்ந்து, தேடி வருகிறவர்களுக்கு விற்கவேண்டும்.

அந்தத் தெருவில் கூத்தையன் என்று ஒரு வியாபாரி இருந்தார். அவர் கடையை விட்டுவிட்டு மகள் ஊருக்குப் போகப்போவதாகச் செய்தி வந்தது. ஒரு ஜோடி மாடும் வண்டியும் கொடுத்தால் இடத்தைக் கொடுத்துவிடுவாராம்.

மருதப்பன் துள்ளிக் குதித்தான். சீரங்காயி கவலைப்பட ஆரம்பித்தாள்.

கவலைப்படுவது அவளுடைய பிறவிக் குணம். மேகம் கறுத்தால் சூளை நனையுமே என்று கவலை. மேகம் கலைந்தால் குளம் வற்றுமே என்று கவலை. ஆனால் மற்றவர்களைப் போல அவள் கவலையை மூலையில் உட்காரவைத்து அழவிடுவதில்லை. அது எங்கேயிருந்து வந்தது, ஏன் வந்தது என்று அதைக் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பாள்.

"ஏங்க, மாட்டைக் கொடுத்துட்டு அங்க போயி, பானை விக்காமப் போனா என்ன செய்யறது?"

"விக்கும்."

"விக்காமப் போனா?"

"விக்கும்னா விக்கும், புள்ள."

"மறுபடி ஊர் ஊராப் போவ வண்டி இருக்காது. அப்புறம் யார் சூளையிலயாவது கூலிக்கு மண்ணு மிதிக்கணும். நம்ம வீட்டுச் சக்கரம் சும்மா கிடக்க, அடுத்தவன் மண்ண மிதிக்கிறதா?"

மருதப்பன் கோபித்துக்கொண்டான். கடைசியில், நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள்.

முதல் முறை இருவரும் சேர்ந்து போனார்கள்.

பானைத் தெருவைப் பார்த்ததும் சீரங்காயிக்குத் தலை சுற்றியது. இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை பானை. குடம், சட்டி, கலயம், தாழி. எல்லாவற்றிலும் பெரிய கடை வீரணனுடையது. அவன் பானைகளை ஆள் உயரத்துக்குக் கோபுரமாக அடுக்கி, அதன் நிழலில் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கூத்தையன் கடை கிழக்கு மூலையில் இருந்தது. மருதப்பன் இடத்தை அளந்து பார்த்தான், கூரையைத் தட்டிப் பார்த்தான். சீரங்காயி கூத்தையனின் முகத்தைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, வாங்க வர்றவங்கல்லாம் எப்படி?" என்று கேட்டாள்.

கூத்தையன் ஒரு பெருமூச்சு விட்டார். சந்தை நாள், கடை வாசல். வேறென்ன சொல்வார்?

"நிறைஞ்சிருக்காங்க, தாயி" என்றார்.

"கேட்டியா?" என்று மருதப்பன் தொடையைத் தட்டினான். "நிறைஞ்சிருக்காங்களாம்!"

அமாவாசைச் சந்தைவரை காத்திருப்பதாகவும், அதற்குள் மாட்டோடு வராவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாகவும் கூத்தையன் சொல்லி அனுப்பினார்.

வண்டியில் திரும்பும்போது சீரங்காயி மெதுவாகக் கேட்டாள்.

"ஏங்க, வீட்டுல அரிசி நிறைஞ்சிருக்குன்னு நான் சொன்னா நீங்க என்ன செய்வீங்க?"

"சாக்கை எடுத்துக்கிட்டு அரிசி வாங்கப் போவேன்."

"எண்ணெய் நிறைஞ்சிருக்குன்னா?"

"தூக்கை எடுத்துக்கிட்டுப் போவேன்."

"கூத்தையன் அண்ணாச்சி, ஆள் நிறைஞ்சிருக்குன்னாரே?"

மருதப்பன் மாட்டின் வாலை முறுக்கினான். கொஞ்சதூரம் போனபிறகு, "அது அரிசி, புள்ள. இது ஆளு. ரெண்டும் ஒண்ணா?" என்றான்.

ஆனால் அதைச் சொன்னபோது அவன் குரலில் பழைய துள்ளலைக் காணோம்.

இரண்டாம் முறை சீரங்காயி தனியாகப் போனாள். புளி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, ஊரார் வண்டியில் தொற்றிக்கொண்டு போனாள். பானைத் தெருவில் ஓரமாக நின்று, வாங்குகிறவர்களைப் பார்த்தாள்.

வாங்குகிறவர்கள் வந்தார்கள். ஆனால் யாரும் அலைந்து பார்க்கவில்லை. கண்ணைக் கட்டிவிட்டாலும் போகக்கூடியவர்கள்போல நேராக ஒரு கடைக்குப் போனார்கள். ஏன் இந்தக் கடை என்று ஒரு கிழவரைக் கேட்டாள். "எங்கப்பன் இவங்க அப்பன்கிட்ட வாங்குனாரு. நான் போயி வேற கடையில வாங்குனா நல்லா இருக்குமா?" என்றார். ஓர் இளம்பெண்ணைக் கேட்டாள். "எங்க மாமியா இங்கதான் வாங்கச் சொல்லியிருக்கு. மாத்தி வாங்கிட்டுப் போனா, பானை ஓட்டையோ இல்லையோ, என் காது ஓட்டையாயிரும்" என்றாள்.

சீரங்காயிக்குக் கவலை இரண்டு பங்காகியது. தன் புருஷன் பானையும் நல்ல பானைதான். ஆனால் நல்ல பானை எல்லாரிடமும் இருக்கிறது. வாங்குகிறவர்களுக்கோ ஆளுக்கொரு கடை ஏற்கெனவே இருக்கிறது. வேண்டாம், மாட்டைக் கொடுக்கவேண்டாம் என்று தீர்மானித்து, புளியை மடியில் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

வண்டிக்குப் போகும் வழியில் இருந்த ஆற்றுத் துறையில் ஓடம் வருவதற்காக ஜனங்கள் காத்துக்கொண்டு நின்றார்கள். எல்லார் தலையிலும் மூட்டை, எல்லார் இடுப்பிலும் கூடை. ஒருத்தி மட்டும் வெறுங்கையோடு நின்றாள். காலையில் அதே துறையில் அவள் கூடையோடு ஓடத்தைவிட்டு இறங்கியதைச் சீரங்காயி பார்த்திருந்தாள். இப்போது அந்தக் கூடையைக் கவிழ்த்துத் தலையில் தொப்பிபோலப் போட்டுக்கொண்டு, யாரையோ வைதுகொண்டிருந்தாள்.

இவ்வளவு பெரிய சந்தைக்கு வந்தவள் ஏன் வெறுங்கையோடு போகிறாள்? அந்தக் கேள்வி சீரங்காயியைப் பிடித்துக்கொண்டது. கேட்பதற்குள் ஓடம் நகர்ந்துவிட்டது.

அந்த வாரம் முழுக்க அவள் மண் மிதித்தாலும் அதே நினைப்பு, சோறு வடித்தாலும் அதே நினைப்பு. விற்கிறவர்களைப் பார்த்தாயிற்று. வாங்குகிறவர்களைப் பார்த்தாயிற்று. வாங்காமல் போகிறவர்களை யார் பார்த்தார்கள்?

மூன்றாம் முறை போனபோது அவள் சந்தைக்குள்ளேயே நுழையவில்லை. ஓடத் துறையில் போய் உட்கார்ந்துகொண்டாள். வெறுங்கையோடு வந்தவர்களை எல்லாம், "என்னத்தா, ஒண்ணும் வாங்கலையா?" என்று வாயைக் கிளறினாள்.

ஒருத்தி விலை படியவில்லை என்றாள். ஒருத்தி சும்மா வேடிக்கை பார்க்க வந்ததாகச் சொல்லிச் சிரித்தாள். பிறகு அந்தக் கூடைக்காரியே வந்தாள்.

"வாங்கத்தான வந்தேன்! மூணு சந்தையா நடக்கறேன். ஒரு மூடி கிடைக்கலை."

"என்ன மூடி?"

"பானை மூடிதான். மோர்ப்பானை மூடி உடைஞ்சுபோச்சு. மூடி மட்டும் குடுங்கன்னா, 'நிறைஞ்சிருக்கு தாயி, வேணும்னா புதுப்பானை எடுத்துக்கோங்க, மூடியோட வரும்'ங்கறான் வீரணன். பானை கல்லு மாதிரி இருக்கு. அதைத் தூக்கிப் போட்டுட்டா புதுசு வாங்க முடியும்?"

பக்கத்தில் நின்றவள் பேச்சில் புகுந்தாள். "நீங்க ஒரு பானைக்குச் சொல்றீங்க மதினி, எங்க வீட்டுல எல்லாப் பானையும் மொட்டைத்தலையாத்தான் நிக்குது. புள்ளைங்க மூடியை உருட்டி விளையாடுதுங்க. உடைக்காம என்ன செய்யும்?"

"எதை வச்சு மூடறீங்க?"

"மாமனார் சாப்பிடற தட்டை வச்சு. அவரு சாப்பிட உக்காந்தா பானை திறந்துக்கும், பானையை மூடுனா அவரு பட்டினி."

துறையே சிரித்தது. இன்னொருத்தி தன் வீட்டுப் பூனையைப் பற்றி ஆரம்பித்தாள். பானைமேல் துணி போட்டு, துணிமேல் கல் வைத்தால், பூனை கல்லைத் தள்ளிவிட்டுப் பாலைக் குடிக்கிறதாம். போனவாரம் கல் பானைக்குள்ளேயே விழுந்து, பானையும் போயிற்றாம்.

"வேற பானை மூடியை மாத்தி வச்சுப் பாத்தீங்களா?" என்று சீரங்காயி கேட்டாள்.

"பாத்தாச்சு, பாத்தாச்சு. ஒண்ணு உள்ள விழுது, ஒண்ணு மேல நின்னு ஆடுது. ஒரு குயவன் பானை வாயைப் போலவா இன்னொரு குயவன் பானை வாய் இருக்கு?"

சீரங்காயி நிமிர்ந்து உட்கார்ந்தாள். இது என்ன புதுமையாக இருக்கிறதே! பானைத் தெரு முழுக்கப் பானை. அந்தப் பானை போன வீடுகளில் எல்லாம் உடைந்த மூடி. பானை எவ்வளவு விற்கிறதோ அவ்வளவு மூடியும் உடையும். ஆனால் மூடி கேட்டு வருகிறவளைக் கடைக்காரர்கள் பார்ப்பதே இல்லை. ஒரு சொல்லைச் சொல்லி அனுப்பிவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பிவிடுகிறார்கள்.

கூடைக்காரியின் வீடு ஆற்றுக்கு அக்கரையில், துறைக்கு எதிரிலேயே இருந்தது. சீரங்காயி அவளோடு ஓடத்தில் போய், மோர்ப்பானையின் வாய்க்குக் குறுக்கே ஒரு பனையோலையை வைத்து, சரியான அளவுக்குக் கிள்ளி எடுத்துக்கொண்டாள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மருதப்பன் சிரித்தான், பிறகு முறைத்தான், பிறகு எழுந்தே நின்றுவிட்டான்.

"மூடியா? பானை வனையற கை மூடி விக்கிறதா? நாலு பேரு என்னைப் பாத்து, மூடிக்காரா, மூடிக்காரான்னு கூப்பிடவா?"

"கூப்பிட்டா என்ன? கூப்பிட்டாத்தான வாங்குவாங்க."

"வீரணன் சிரிப்பான்."

"சிரிக்கட்டும். நான் ஒண்ணு கேக்கறேன், பானையைப் பாக்காம இந்த ஓலையை மட்டும் வச்சு மூடி வனைய முடியுமா? கஷ்டமா இருக்கும்ல?"

அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். மருதப்பனுக்கோ ரோஷம் வந்துவிட்டது.

"கஷ்டமா? எனக்கா?"

சக்கரத்தைச் சுற்றினான். ஓலையை வைத்து அளந்து ஒரு மூடி வனைந்தான். காய்ந்து, சூளையில் வெந்து வந்ததும் ஓலையோடு ஒட்டிப் பார்த்தான். மூடி சிறுத்திருந்தது. வைத்தால் பானைக்குள்ளேயே விழுந்துவிடும்.

"மண்ணு சூட்டுல சுருங்கும்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். "ஓலையைவிட எவ்வளவு கூட வைக்கணும்?"

ஒரு விரல் கூட வைத்தான், அதிகமாயிற்று. அரை விரல் வைத்தான், இன்னும் கொஞ்சம் அதிகம். ஒரு நெல் நீளம் குறைத்தான். சீரங்காயி சாப்பிடக் கூப்பிட்டபோது அவன் காதில் விழவில்லை. இப்போது கேள்வி அவனையும் பிடித்துக்கொண்டது. கடைசியாக வந்த மூடி ஓலையின் இரண்டு முனையும் உள்ளே அடங்கும்படி, அச்சுப்போல இருந்தது.

அதைக் கையில் வைத்துக்கொண்டு அவன் சொன்னான்: "சரி, புள்ள. அமாவாசைச் சந்தைக்குப் போவோம். நீ கல்லு மேல ஏறிக் கூவு. இடம் கிடைச்சா மூடிக்கடை. கிடைக்கலைன்னா, அதே இடத்துல மாட்டை அவுத்துக் கூத்தையன் கையில குடுத்துருவேன். அப்புறம் நீ ஒரு வார்த்தை பேசக்கூடாது."

கூவுகல்லில் ஏறி ஜெயித்தவர்களைச் சீரங்காயி கேள்விப்பட்டதே இல்லை. இருந்தாலும் தலையாட்டினாள்.

அமாவாசைச் சந்தை. கூத்தையன் மாட்டைப் பிடித்துக்கொண்டு போகப் புதுக் கயிறோடு வந்து காத்திருந்தார். சீரங்காயி கல்லின்மேல் ஏறினாள். சந்தை மணியக்காரர் தன் கோலை ஊன்றி நின்றார். கூட்டம் கூடிவிட்டது. ஒரு பொம்பளை கல்லேறியதை யாரும் பார்த்தது கிடையாதே.

"மூடி!" என்று கூவினாள். குரல் கீச்சென்று வந்தது.

ஆண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. "எதுக்கு மூடி? வாய்க்கா?" என்றான் ஒருவன்.

வீரணன் வெற்றிலையைத் துப்பிவிட்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே கூவினான்: "நிறைஞ்சிருக்கு!"

"மூடி!" என்றாள் இரண்டாம் முறை.

"நிறைஞ்சிருக்கு!" என்றான் வீரணன்.

கூத்தையன் கயிற்றை உதறினார். மருதப்பன் மாடுகளின் முதுகைத் தடவிக்கொடுத்தான். அவன் கண்ணைச் சீரங்காயி பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இறங்கிவிட்டிருப்பாள்.

மூன்றாம் முறை கூவுவதற்குப் பதிலாக அவள் மணியக்காரரைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"ஐயா, கல்லு மேல நிக்கறவ ஒரு பொருள் வாங்கலாமா? அதுக்குத் தடை உண்டா?"

மணியக்காரர் யோசித்தார். அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. "தடை கிடையாது, தாயி. சந்தைன்னா வாங்கத்தான" என்றார்.

சீரங்காயி மடியிலிருந்து பனையோலையை எடுத்து நீட்டினாள். "வீரணண்ணே, இந்த அளவுக்கு ஒரு மூடி குடுங்க. நிறைஞ்சிருக்குன்னீங்கள்ல."

வீரணன் கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒரு பானையை மூடியோடு எடுத்துவந்து முன்னால் வைத்தான். "இந்தா. மூடி."

"இது பானை, அண்ணே. எனக்குப் பானை வேண்டாம். மூடி மட்டும்தான் வேணும்."

இந்தப் பேச்சை வீரணன் எத்தனை சந்தைகளில் எத்தனை பெண்களிடம் கேட்டிருப்பான்! யோசிக்காமலே அவன் கை ஒதுக்கியது, முகம் மலர்ந்தது, வாய் தானாகச் சொன்னது: "மூடி மட்டுமா? நிறைஞ்சிருக்கு, தாயி. அடுத்த வாரம் பாக்கலாம்."

முதலில் சிரித்தவள் கூடைக்காரி. அப்புறம் மாமனார் தட்டுக்காரி, அப்புறம் பூனைக்காரி. அப்புறம் அங்கிருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அந்தக் குரல் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். கையை விரித்து வெறுங்கூடையோடு அனுப்பும் குரல் அது.

"நல்லாச் சொன்னீங்க, வீரணண்ணே!" என்று ஒருத்தி கத்தினாள். "இன்னொரு தடவை சொல்லுங்க, எங்க வீட்டுப் பூனை கேக்கணும்!"

மணியக்காரர் கோலால் தரையைத் தட்டினார். "வீரணா, நீ கல்லைப் பாத்துச் சொன்ன நிறைஞ்சிருக்குக்கு ஒரு அர்த்தம். இந்தத் தாயியைப் பாத்துச் சொன்ன நிறைஞ்சிருக்குக்கு ஒரு அர்த்தம். ரெண்டுல எது நிசம்? சரக்கு இருந்தா எடுத்துக் குடு. அப்படி..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். சந்தை நாளில் அந்தச் சொல்லை அவரும் சொல்லக்கூடாதே. "அப்படி அந்த மாதிரின்னா, அந்த மாதிரின்னு சொல்லு."

வீரணன் பானைக் கோபுரத்தைப் பார்த்தான். மூடியை மட்டும் கொடுத்தால் பானை மொட்டையாகிவிடும், பிறகு அதை யார் வாங்குவார்கள்? கொடுக்காவிட்டால் 'இல்லை' என்று சொல்லவேண்டும். சொன்னால் லட்சுமி போய்விடுவாள். மறுபடி 'நிறைஞ்சிருக்கு' என்று கூவினால் மூடியை எடுத்துக் கொடுக்கவேண்டும். சும்மா இருந்தால் இந்தப் பெண் ஜெயித்துவிடுவாள். அவன் வாய் திறந்தது, மூடியது. மறுபடி திறந்தது, மூடியது.

"மூடி!" என்று சீரங்காயி மூன்றாம் முறை கூவினாள். இந்த முறை குரல் ஆற்றுக்கு அக்கரை வரைக்கும் கேட்டது.

பதில் வரவில்லை.

மணியக்காரர் கோலை உயர்த்தினார். பானைத் தெருவும் ஓடத் துறைக்குப் போகும் வழியும் சேரும் முனையில், பாய் விரிக்கிற அளவுக்கு ஓர் இடத்தைக் காட்டினார். கல்லிலிருந்து இறங்கியவள் நேராக வீரணனிடம் போனாள்.

"அண்ணே, மனசுல வச்சுக்காதீங்க. பானை விக்கறது உங்க வேலை, அதை நான் தொடமாட்டேன். மூடி கேட்டு வர்றவங்களைச் சும்மா அனுப்பாம என்கிட்ட அனுப்புங்க. மூடி கிடைக்கும்னு தெரிஞ்சா, உங்க பானையைப் பயமில்லாம வாங்குவாங்கல்ல?"

வீரணன் உர்ரென்று முறைத்தான். பிறகு, "அளவு தப்பாதுல்ல?" என்று கேட்டான். அவன் வியாபாரி அல்லவா!

அதற்குள் மருதப்பன் கூத்தையனின் கையைப் பிடித்துக்கொண்டு எதையோ சொல்லத் தயங்கிக்கொண்டிருந்தான். மாடு கொடுப்பதற்கில்லை என்பதைச் சந்தைக்கு நடுவில் நின்று எப்படிச் சொல்வது? கடைசியில் சொன்னான்: "மாடு நிறைஞ்சிருக்கு, அண்ணாச்சி."

கூத்தையன், "புரிஞ்சுது, தம்பி" என்று கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார். "நானும் அன்னைக்கு உன்கிட்ட அதைத்தான் சொன்னேன்."

அடுத்த சந்தைக்குப் பெண்கள் ஓலை கொண்டுவந்தார்கள், நூல் கொண்டுவந்தார்கள், வைக்கோல் கொண்டுவந்தார்கள். அளவெடுக்கத் தெரியாத ஒருத்தி பானையையே தலையில் சுமந்து வந்து இறக்கினாள். இந்த வாரம் அளவு கொடுத்தவர்களுக்கு அடுத்தடுத்த வாரங்களில் மூடி வந்தது. மூடிக்காரா, மூடிக்காரா என்று கூப்பிட்டார்கள். மருதப்பன் முதலில் திரும்பவில்லை, பிறகு திரும்பினான், பிறகு அந்தப் பெயருக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

சீரங்காயியின் கவலை தீர்ந்ததா என்று கேட்பீர்கள். எங்கே தீரும்? நூல் ஈரத்தில் சுருங்கியிருக்குமோ, ஓலை காய்ந்து குறைந்திருக்குமோ என்று ஒவ்வொரு மூடிக்கும் ஒரு கவலை. அவர்கள் பெரிய பணக்காரர்களும் ஆகிவிடவில்லை. மாட்டை விற்கவில்லை, மூடியை விற்றார்கள், சொந்தச் சக்கரத்தில் சொந்த மண்ணை வனைந்தார்கள். அவ்வளவுதான்.

ஆகவே, பிள்ளைகளே, பெரியவர்களே, நெருக்கடியான சந்தையில் கடை போடலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர், அங்கே விற்பவர்களின் கூட்டத்தைப் பார்த்து ஆசைப்படவும் வேண்டாம், அஞ்சவும் வேண்டாம், வெறுங்கையோடு திரும்பிப் போகிறவர் எதைத் தேடி வந்தார் என்று கேட்டறிந்து முடிவு செய்யவேண்டும்.